முதல் வண்டின்னா, நான் சொல்றேன் கேளுங்க

பறவை பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். இன்ன பறவை, இன்ன மரத்தில், இன்ன மாதத்தில் தென்படும், இப்படிக் கத்தும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் புத்தகத்தில் இடம்பெறாத ஒரு ஜீவனை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். பெயர், முதல் வண்டி ஆலோசகர். தென்படும் இடம், சிச்சிபு மலையடிவாரத்தில், கணவாய்க்கு ஏறும் சாலை பிரிகிற இடத்தில் இருக்கும் ஓய்விடம்; அதிலும் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் பகுதி. காலம், மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாளம், பளபளக்கும் தோல் ஜாக்கெட், ஒரு கையில் கோன் ஐஸ்கிரீம், மற்றொரு கை யாரோ ஒருவருடைய வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல். குரல் எப்படியிருக்கும் என்கிறீர்களா? "முதல் வண்டியா? நான் சொல்றேன் கேளுங்க!"

அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு தப்பித்தவர் கிடையாது.

இவர் எல்லாரிடமும் வாய் திறப்பதில்லை. ஏற்கெனவே வண்டி ஓட்டுகிறவனிடம் அவருக்கு என்ன வேலை? அவருக்கு வேண்டியது புத்தம்புதிதாக உரிமம் எடுத்துவிட்டு, எந்த வண்டி வாங்குவது என்று இன்னும் முடிவு செய்யாமல் நிற்கிற ஒரு பச்சைப்பிள்ளை. வயது இருபதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். முகக்கண்ணாடியில் ஒரு பூச்சிகூட மோதிச் சாகாத தலைக்கவசம், விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்குகிற கையுறை, வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்து லேசாகத் திறந்த வாய், இவை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஆலோசகர்கூடப் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார்.

வந்ததும் என்ன கேட்பார்? எங்கே ஓட்டப் போகிறாய், எதற்காக ஓட்டப் போகிறாய், முதுகு வலி உண்டா, வீட்டில் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒன்றும் கேட்கமாட்டார். தையற்காரர்கூட அளவெடுத்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பார். நம் ஆலோசகரோ சட்டையை முதலிலேயே தைத்து வைத்திருக்கிறார். அதற்குள் நுழைவதற்குத் தகுந்தாற்போல் இளைப்பதோ பருப்பதோ உங்கள் பொறுப்பு.

அவர் தைத்து வைத்திருக்கும் சட்டை எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது எந்த வண்டிக்கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார் என்று விசாரியுங்கள். அன்று அப்பா "செத்தாலும் கூடாது" என்று சொன்னாரே, அந்த வண்டிதான். அன்றிலிருந்து அதை அவர் வாங்கிக்கொண்டே இருக்கிறார், அடுத்தவர்கள் கையால்.

எங்கள் ஓய்விடத்து ஆலோசகரின் பெயர் நுமாதா. அவர் சொல்கிற வண்டி, நானூறு சிசி, நான்கு சிலிண்டர், நான்கு புகைக்குழாய். "எப்படியும் கடைசியில அதுக்குத்தான் வரப்போறீங்க. அப்புறம் எதுக்கு நடுவுல சின்ன வண்டி?" என்பது அவருடைய வேதவாக்கு. பிள்ளை எப்படியும் ஒருநாள் கல்யாணம் செய்துகொள்ளத்தானே போகிறான், தொட்டிலுக்குப் பதிலாக நேரே மணமேடையிலேயே போட்டுவிடலாமே என்பது மாதிரியான ஞானம். வங்கியில் வேலை பார்க்கிற முரோய் என்கிற பையன் இதை நம்பி அந்த நானூறை வாங்கினான். இப்போது அவன் மனைவி வெயில் நாட்களில் அதன்மேல் மெத்தை காயப்போடுகிறாள். நல்ல உயரம், நன்றாகக் காய்கிறது என்று கேள்வி.

நெட்டையாக ஒருவன் வந்து, "கால் நல்லா எட்டுதுங்க" என்றால், "கால் எட்டுறதெல்லாம் ஒரு விஷயமா? வண்டி ஓடும்போது கால் தரையிலயா இருக்கு?" என்பார். குள்ளமாக ஒருவன் வந்து, "கால் எட்டலைங்க" என்றால், அதே கேள்வியை அதே குரலில் கேட்பார். இரண்டும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். இதுவும் கேளுங்கள்: நுமாதா சான் (பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் ஊர் மரியாதை) அந்த ஓய்விடத்துக்கு வருவது ஒரு வெள்ளை வேனில். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேனில். "வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு" என்பார். எங்கள் ஊரில் பெரிய வண்டிகளுக்கு எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். நுமாதா சானின் வண்டிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எப்படி வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஞாயிறு யார் வந்து பேசிச் சிரிக்கவைப்பது?

இப்படியிருக்கையில் ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பேருந்திலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தவர்போல் இரண்டு கையாலும் ஒரு மஞ்சள் தலைக்கவசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது, உயரம் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த ஓய்விடம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. பெயர் இசோபே. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்கிறவர். ஓட்டுநர் பள்ளியில் குறுகலான பலகைமேல் ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு தடவை கீழே இறங்கி, மூன்றாவது தடவையில் உரிமம் வாங்கியவர்.

"முதல் வண்டியா?" என்றார் நுமாதா சான்.

"ஆமாங்க. இன்னும் வாங்கல. இங்க வந்தா நிறைய வண்டி பாக்கலாம்னு சொன்னாங்க."

"இன்னும் வாங்கலையா? நல்லவேளை!"

அந்த 'நல்லவேளை'யைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் சொல்றேன் கேளுங்க என்று ஆரம்பித்தார். நானூறு, நான்கு சிலிண்டர், நான்கு குழாய். இசோபே சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பல் வலியோடு வருகிறவர்களிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார்:

"எனக்கு ஒரே ஒரு சிக்கல்தாங்க. வீட்டுக்காரர் ஒரு கண்டிஷன் போட்டிருக்கார். ஒரு தடவை விழுந்தாலும் சாவியை அவர்கிட்ட குடுத்துடணும். அதோட சரி, இந்த ஜென்மத்துல வண்டி கிடையாது. ஓடும்போது விழுந்தாத்தான்னு இல்ல. நிக்கும்போது சாஞ்சாலும் விழுந்ததுதானாம்."

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரும் ஓட்டினவர்தானே. பொண்ணு பொறந்ததும் வித்துட்டார். கிளச் லிவர் நுனியைப் பாத்தாலே இது விழுந்த வண்டியா இல்லையான்னு சொல்லிடுவார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தினம் பாப்பேன்னு... வாரம் தவறாம பாப்பேன்னு சொல்லியிருக்கார்."

புதிதாக ஓட்டுகிறவன் நின்ற இடத்தில் சாய்க்காமல் இருந்ததாக எங்கள் மலையில் எவனும் சொன்னதில்லை, ஒருவரைத் தவிர.

"விழுறதா?" என்றார் அந்த ஒருவர். "நாப்பது வருஷமா நான் ஒரு தடவைகூட விழுந்ததில்ல. ஒரு கீறல் கிடையாது. வண்டி கனமா இருந்தா விழாதுங்க. தரையில நல்லா உக்காந்துக்கும்."

"உங்க வண்டி எதுங்க?" என்று இசோபே சான் ஆவலாகச் சுற்றிலும் பார்த்தார்.

"எஃப்.சி.க்குப் போயிருக்கு."

நாங்கள் எல்லாரும் அவரவர் ஐஸ்கிரீமைக் கவனமாகப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் "இருநூத்தம்பது போதும், எஃப்.சி. தொல்லை இல்ல" என்றார். இன்னொருவர் "மண் ரோட்டு வண்டிதான் இப்ப எல்லாரும்" என்றார். மூன்றாமவர் "புது வண்டி வாங்கினா அழுவீங்க, பழசு வாங்கினா இன்னும் அழுவீங்க" என்று சொல்லிவிட்டு மிசோ என்கிற சோயா விழுது தடவிய உருளைக்கிழங்கு வாங்கப் போனார். இசோபே சானின் தலை டென்னிஸ் ஆட்டம் பார்க்கிறவரின் தலைபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எதற்காக வண்டி என்று ஒரு பிராணிகூடக் கேட்கவில்லை.

ஆலோசகருக்கு வாயால் சொல்வதோடு திருப்தி வராது. கடைக்கும் கூட வருவார். மறு சனிக்கிழமை நுமாதா சான் தன் வெள்ளை வேனில் இசோபே சானை ஏற்றிக்கொண்டு ஹோரிகோமெயின் வண்டிக்கடைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது?

கடை நடுவில் அந்த நானூறு நின்றது. நான்கு குழாய்களும் மின்ன, கோயில் யானை மாதிரி நின்றது. இசோபே சான் ஏறி உட்கார்ந்தார். கால் கட்டைவிரல் நுனி இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடின. ஹோரிகோமெ ஓடிவந்து பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, எட்டுது!" என்றார் நுமாதா சான்.

"விரல் நுனிதாங்க எட்டுது."

"நுனி எட்டுதுல்ல? மிச்சத்தை நாம பாத்துக்கலாம். ஹோரிகோமெ, சீட்டுல பூரணத்தை எடுத்துடு."

இருக்கைக்குள் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சுக்கு எங்கள் ஊர் வண்டிக்கடைகளில் பூரணம் என்றுதான் பெயர். அதைத் தோண்டி எடுத்தால் உயரம் குறையும். உட்காருகிற இடம் பூரணம் இல்லாத கொழுக்கட்டையாகிவிடும், அது வேறு விஷயம்.

"பூரணம் எடுத்தா மூணு சென்டிமீட்டர். பின்னாடி ஸ்பிரிங்கை இறக்கினா ரெண்டு. அடி தடிச்ச பூட்ஸ் ஒண்ணு போட்டா நாலு. முடிஞ்சுதே!"

இசோபே சான் யானைமேல் உட்கார்ந்தபடியே யோசித்தார். "வண்டியக் குடையறோம், இறக்கறோம், என்னைத் தூக்கி வைக்கறோம். அதுக்கப்புறமும் இது சாஞ்சா என் கதை முடிஞ்சுதுங்களே?"

"கனமான வண்டி சாயாதுன்னு சொன்னேன்ல?"

அவர் சொன்ன தோரணையில் அந்த அம்மாள் மசிந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. நாற்பது வருடமாக விழாதவர் சொல்கிறார், நேற்று உரிமம் வாங்கியவர் எப்படி மறுப்பார்? "சரிங்க, அப்ப இதையே..." என்று வாயெடுத்துவிட்டார். என் மனம் அடித்துக்கொண்டது. ஐயோ, இது ஒரு வாரம் தாங்காதே, ஓய்விடத்தின் சரளைக்கல் சரிவில் முதல் ஞாயிறே சாய்ந்துவிடுமே என்று வாய்விட்டுச் சொல்ல நினைத்தேன்.

அப்போது ஹோரிகோமெ டேங்கைத் துடைத்துக்கொண்டே, சும்மா வியாபாரப் பேச்சுக்காக, "எதுக்குங்க வண்டி? வேலைக்குப் போகவா?" என்று கேட்டார்.

இசோபே சான் சிவந்துபோனார்.

"சிரிக்கக் கூடாது. கை காட்டத்தான்."

"என்னது?"

"கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்காரர் பின்னாடி உக்காந்து இந்த மலையெல்லாம் சுத்தியிருக்கேன். எதிர்ல வர்ற வண்டிக்காரங்க எல்லாம் இடது கையத் தூக்கி ஹாய் காட்டிட்டுப் போவாங்க இல்ல? அவரும் காட்டுவார். எனக்கு அது ரொம்பப் புடிக்கும். நானும் பின்னாலருந்து காட்டுவேன். ஆனா அவங்க காட்டினது அவருக்குத்தானே, எனக்கு இல்லையே. ஒரு தடவை, எனக்குன்னு ஒருத்தர் காட்டணும். நான் திருப்பிக் காட்டணும். பனி விழுந்து கணவாயை மூடறதுக்குள்ள, ஒரே ஒரு தடவை மேல வரைக்கும் போய்ட்டு வந்துட்டாக்கூடப் போதும்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நுமாதா சான்கூட ஒரு கணம் நானூறிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். ஆனால் ஆலோசகருக்கு அது ஒரு கணம்தான்.

"கை காட்டறதுக்கா? அப்படின்னா நானூறேதான் வேணும்! சின்ன வண்டிக்கு எவன் கை காட்டுவான்?"

இசோபே சான் இறங்கிவிட்டார். இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் சரிய, ஹோரிகோமெயும் நானும் சேர்ந்து பிடித்தோம். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு கடையைச் சுற்றி நடந்தார். மூலையில், பழைய டயர்களுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் பாதி மூடிய ஒரு சின்ன வண்டி கிடந்தது. ஏறி உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. பெஞ்சில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துகொண்டு, இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார்.

"அது வேணாங்க," என்றார் ஹோரிகோமெ. "யாரோ ஓட்டிப் பழகின வண்டி. ரெண்டு பக்கமும் நல்லா விழுந்திருக்கு. லிவர் ரெண்டுலயும் கீறல். இருங்க, லிவர் மட்டும் புதுசு போட்டுத் தர்றேன்."

"மாத்தாதீங்க!"

அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இசோபே சான் குரலைத் தணித்துக்கொண்டார். "கீறல் அப்படியே இருக்கட்டும். எனக்குப் புடிச்சிருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே கீறல் விழுந்த லிவரில் எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று எந்த வீட்டுக்காரர் கண்டுபிடிப்பார்? நுமாதா சானுக்குப் புரியவில்லை. வேனில் திரும்பி வரும் வழியெல்லாம், "புதுசு போட்டுத் தர்றேங்கறான், வேணாங்கறாங்க. இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல" என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அந்தச் சின்ன வண்டி தடதடவென்று வந்து சேரும். ஆகஸ்டில் ஒருநாள் இசோபே சான் தலைக்கவசத்தைக் கழற்றாமலே எங்களைப் பார்த்துக் கத்தினார்: "காட்டினாங்க! மூணு பேரு! பயத்துல நான் கிளச்சை விடல, ஒருத்தருக்குக்கூடத் திருப்பிக் காட்டல!" நாங்கள் கைதட்டினோம். நுமாதா சான், "நானூறா இருந்திருந்தா முப்பது பேர் காட்டியிருப்பாங்க" என்றார். கணவாய் வரைக்கும் போவது நவம்பர் முதல் ஞாயிறு என்று முடிவாயிற்று. எல்லாருமாகச் சேர்ந்து போவது. டிசம்பரில் மூடிவிடுவார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் அது நடந்தது.

ஓய்விடத்தின் ஓரத்தில் சரளைக்கல் சரிவு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? இசோபே சான் அதில் வண்டியைத் திருப்பினார். கைப்பிடியைத் திருப்பியபடியே முன் பிரேக்கைப் பிடித்தார். அவ்வளவுதான். மெதுவாக, கும்பிடுவதுபோல, வண்டி இடது பக்கம் படுத்துக்கொண்டது.

இருபது பேர் கையில் ஐஸ்கிரீம் உருகியது. இசோபே சான் எழுந்தார், யாரையும் பார்க்கவில்லை. பள்ளியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களே, அதேபோல வண்டிமேல் இடுப்பைச் சாய்த்து, கால்களால் உந்தி, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார். நானூறாக இருந்திருந்தால் கிரேன் வந்திருக்க வேண்டும். பிறகு லிவர் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் குளமாக இருந்தது.

"நாங்க யாரும் எதையும் பாக்கல," என்றேன் நான்.

"நான் வானத்தைப் பாத்துட்டிருந்தேன்," என்றார் அன்று உருளைக்கிழங்கு வாங்கப் போனவர்.

எல்லாரும் நுமாதா சானைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாய் திறந்திருந்தது. நான் சொன்னேன் பாத்தீங்களா, முன் பிரேக்கை அப்படிப் பிடிக்கக் கூடாது, அந்த வண்டி வேணாம்னு அன்னைக்கே சொன்னேன் என்று ஒரு மலையே அந்த வாய்க்குள் உருண்டு திரண்டு நிற்பது வெளியே தெரிந்தது. அவர் மிச்சமிருந்த ஐஸ்கிரீமை முழுசாக உள்ளே தள்ளி வாயை மூடிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, தினமும் எனக்குப் போன் செய்து, யாரிடமும் சொல்லமுடியாததையெல்லாம் என்னிடம் சொல்லித் தீர்த்தார்.

நவம்பர் முதல் ஞாயிறு. மலையெல்லாம் சிவந்து கிடந்தது. சின்ன வண்டி வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மனிதர் இறங்கினார்.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் இசோபே சான். குரல் நூலிழையாக இருந்தது. "எங்க போறேன்னு பாக்கணும்னார்."

வீட்டுக்காரர் எங்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிறகு, போன ஞாயிறு சாயங்கால இருட்டில் பார்த்த வண்டியை, பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்தார். இடது பக்கம் வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிளச் லிவர் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது பழைய கீறல் இல்லையே. பழசெல்லாம் கறுத்துப்போயிருக்கு. இது பளபளங்குதே."

எங்கள் திட்டத்தில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை. இசோபே சானின் கை ஜாக்கெட் பைக்குள் போயிற்று. சாவியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஏங்க, அது வந்து..."

"நான்தான்."

சொன்னது நுமாதா சான்.

"போன வாரம் உக்காந்து பாக்கறேன்னு வாங்கினேன். சாச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

நாற்பது வருடச் சாதனையை, ஒரு கீறல்கூட இல்லாத சாதனையை, அந்த மனிதர் இருபது பேர் முன்னிலையில் தூக்கிப் போட்டுவிட்டார். அவரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று எனக்கு இருந்தது.

வீட்டுக்காரர் நுமாதா சானை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்களா? இந்தச் சின்ன வண்டியையா? உங்க உயரத்துக்குக் கால் மடங்கியில்ல நிக்கும்?"

"அதாங்க பிரச்சினையே. கால் அளவுக்கு மீறி எட்டிடுச்சு."

யாருக்கோ புரையேறியது. வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். மஞ்சள் தலைக்கவசத்துக்குள் தெரிந்த அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவரும் ஒருகாலத்தில் முதல் வண்டி ஓட்டியவர்தானே; அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

"சரி. அந்தக் கீறல் உங்க கணக்குலயே இருக்கட்டும்," என்று எழுந்தார். எழுந்தவர் கை தானாகப் போய் வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டது. "நல்லாத்தான் இருக்கு. இருபது வருஷமாச்சு நான் தொட்டு. இனிமே எடுத்தா, எனக்கும் இது முதல் வண்டி மாதிரிதான்."

முதல் வண்டி! இருபது தலைகளும் திரும்பின. நுமாதா சானின் உடம்பில் உயிர் திரும்பி வந்தது. "அப்படியா! நான் சொல்றேன் கே..."

அவரால் முடிக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் தலைக்கவசம் புகுந்துவிட்டது.

"ஏங்க, நான் சொல்றேன் கேளுங்க. உங்க முழங்காலுக்குப் பெரிய வண்டியெல்லாம் ஒத்து வராது. சின்னதா, குதிகால் பதியற மாதிரி, பழசா, இதே மாதிரி ஒண்ணு பாத்து எடுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க. அப்புறம், ஒரே ஒரு கண்டிஷன்." இசோபே சான் கையை நீட்டினார். "ஒரு தடவை விழுந்தாலும் சாவி என்கிட்ட வந்துடணும். நிக்கும்போது சாஞ்சாலும் விழுந்ததுதான்."

அன்று நாங்கள் கணவாய்க்கு ஏறினோம். எதிரே வந்தவர்கள் கை காட்டினார்கள். இசோபே சான் கிளச்சை விட்டு, இடது கையைத் தோளுக்குமேல் தூக்கித் திருப்பிக் காட்டியதைப் பின்னாலிருந்து என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரரும் நுமாதா சானும் வெள்ளை வேனில் பின்தொடர்ந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் முகம் வாடிப்போயிருந்தது. வழியெல்லாம் நானூறின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார், பாவம். நுமாதா சானின் வண்டி இன்னும் எஃப்.சி.யில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இசோபே சான் வாங்கிய அந்தச் சின்ன வண்டி எந்த வண்டி என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. மறதி இல்லை. சொன்ன மறுநிமிடம், "ஐயோ, அதுவா? அதுக்குப் பதிலா..." என்று நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள் என்ற பயம்தான்.

நானா, எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாது என்கிறீர்களா? சரி. அப்படியானால் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் என்று நான் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்த அம்மாள் பேருந்திலிருந்து இறங்கி முழுசாக நிமிர்ந்து நிற்பதற்குள் உங்கள் மனத்தில் ஒரு வண்டி வந்து நின்றதே, அதை அவருக்கு யார் வாங்கிக் கொடுத்தது? அவருக்கு எதற்கு வண்டி என்று கேட்டுவிட்டா வாங்கிக் கொடுத்தீர்கள்?

கையைப் பாருங்கள், ஐஸ்கிரீம் உருகுகிறது.